அணி ஜெர்சியா, சங்க ஜெர்சியா, வெறும் ஜெர்சியா? நீலகிரி ஏறுபவர் எதைப் போடலாம்

ஞாயிறு விடிகாலையில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கோ கோத்தகிரிக்கோ ஏறும் சைக்கிள் கூட்டத்தில் நாலு விதமான உடை தென்படும். டூர் டி ஃப்ரான்ஸ் ஓடும் ஏதோ ஒரு ஐரோப்பிய அணியின் ஜெர்சி, ஊர் சைக்கிள் சங்கத்தின் பெயர் போட்ட ஜெர்சி, எழுத்தே இல்லாத ஒற்றை நிற ஜெர்சி, கடைசியாகச் சாதாரண டீ-சர்ட்டும் டிராக் பேண்ட்டும். தகராறெல்லாம் முதல் வகையைப் பற்றித்தான். சம்பளம் வாங்காமலே விளம்பரப் பலகையாகத் திரிவானேன் என்பது ஒரு கட்சி. எனக்குப் பிடித்த அணி, என் காசு, உனக்கென்ன என்பது இன்னொரு கட்சி.

விளம்பரப் பலகை என்பதில் கொஞ்சம் நியாயம் உண்டு. பெரும்பாலான சைக்கிள் அணிகளுக்கு ஊர்ப் பெயர் கிடையாது, பணம் போடும் கம்பெனியின் பெயர்தான் அணியின் பெயர். குயிக்-ஸ்டெப் தரைக்குப் பதிக்கும் பலகை விற்கிறது, அல்பெசின் ஷாம்பு, கோஃபிடிஸ் கடன் கொடுக்கும் நிறுவனம், சூடால் பசை. குன்னூர்க் கடைத்தெருவில் கிடைக்காத ஷாம்புவை நெஞ்சில் ஏந்திக்கொண்டு பர்லியார் தாண்டுவதைக் கேலி செய்தால் பதில் சொல்வது சிரமம்தான். ஆனால் சிஎஸ்கே மஞ்சள் சட்டையிலும் விளம்பரம் நிறைந்துதான் கிடக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு டீக்கடையில் நிற்பவரிடம் "நீ என்ன தோனியா?" என்று யாரும் கேட்பதில்லை. ஆகவே மானம் மரியாதைப் பேச்சை ஒதுக்கிவிட்டு, அந்த உடை மலைச் சாலையில் என்ன வேலை செய்கிறது என்று பார்ப்பதே உருப்படியான வழி.

வேகத்துக்குத் தைத்த உடை, வேகமில்லாத சாலை

தொழில்முறை வீரர் போடும் ஜெர்சி காற்றைக் கிழித்துப் போவதற்காகத் தைக்கப்படுவது. தோலோடு ஒட்டும் மெல்லிய துணி, முழங்கையைத் தொடும் இறுக்கமான கை, தோளில் வரிவரியான நெசவு எல்லாம் அதற்குத்தான். மலை ஏற்றத்தில் இதனால் என்ன லாபம்? ஆளும் சைக்கிளுமாக 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 6 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் போக, எடையை மேலே தூக்குவதற்கு மட்டும் சுமார் 130 வாட் வேண்டும். அந்த வேகத்தில் காற்றுக்குப் போவது ஏறத்தாழ 5 வாட். சமவெளியில் 40 கி.மீ. வேகத்தில் போனால் அதே காற்று 300 வாட்டுக்கு மேல் கேட்கும், ஏனென்றால் வேகம் இரண்டு மடங்கானால் காற்றுக்குச் செலவாகும் வாட் எட்டு மடங்காகிறது. கோத்தகிரி ஏற்றத்தில் உயர்ரக ஏரோ ஜெர்சி மிச்சப்படுத்துவது அந்த 5 வாட்டில் ஒரு துண்டுதான். இறக்கத்தில் காற்று பலமாகத்தான் இருக்கும், ஆனால் கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக் பிடித்தபடி இறங்குபவருக்கு அப்போது வேண்டியது சூடு. மெல்லிய துணி அதைத் தராது.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். கடையில் "டீம் ரெப்ளிகா" என்று விற்பது பெரும்பாலும் வீரர் போடும் அதே ஜெர்சி அல்ல. அச்சு ஒன்றேதான், துணியும் வெட்டும் வேறு. ரெப்ளிகா கொஞ்சம் தளர்வாக, தடிமனாக, விலை குறைவாக வரும். பந்தயத்துக்கான நிஜ ரகம் தனியாக, அதைவிடக் கூடுதல் விலையில் இருக்கும். விந்தை என்னவென்றால், நீலகிரிக்கு அந்த மலிவான ரெப்ளிகாவே மேல்.

மெல்லிய வலைத்துணி ஜெர்சியில் வேறொரு தொல்லையும் உண்டு. ஒவ்வொரு 1000 மீட்டர் உயரத்துக்கும் புறஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுகிறது. குளிர்ந்த காற்றில் வெயில் உறைப்பது தெரியாது. தொட்டபெட்டா (2637 மீட்டர்) போய்த் திரும்பி வீட்டில் குளிக்கும்போதுதான் முதுகு எரியும்.

அளவு

பந்தய வெட்டு என்பது முன்னால் குனிந்து உட்கார்ந்த உடம்புக்கு வெட்டியது. முன்பக்கம் குட்டை, பின்பக்கம் நீளம். நிமிர்ந்து நின்று கண்ணாடியில் பார்த்தால் வயிறு தெரியும். அதை வைத்து அளவு தவறு என்று நினைத்துவிடக் கூடாது. சைக்கிளில் உட்கார்ந்து, ஹேண்டில்பாரின் கீழ்வளைவைப் பிடித்துக்கொண்டு பார்க்க வேண்டும். அப்போதும் ஜிப் நேராக ஓடாமல் பாம்பாக நெளிந்தால் ஜெர்சி சிறியது. பக்கவாட்டில் காற்று புகுந்து படபடத்தால் பெரியது.

நிறத்தைப் பார்த்தும் கண்டுபிடிக்கலாம். சப்ளிமேஷன் என்று சொல்லும், சூட்டால் சாயம் ஏற்றும் அச்சில் சாயம் வெள்ளை பாலியெஸ்டரின் மேல் ஏறியிருக்கும். துணி அளவுக்கு மீறி இழுபட்டால் இழைகளுக்கு நடுவே அடியிலுள்ள வெள்ளை எட்டிப் பார்க்கும். கருநீல ஜெர்சி தொப்பை இருக்கும் இடத்தில் மட்டும் சாம்பல் பூத்திருந்தால் ஒரு சைஸ் மேலே போக வேண்டும்.

பின் பாக்கெட்தான் உண்மையான சோதனை. மலைக்குப் போகிறவர் மூன்று பாக்கெட்டிலும் ஒரு விண்ட் ஜாக்கெட், போன், இரண்டு வாழைப்பழம், ஒரு டியூப், சின்ன பம்ப் என்று வைத்தாக வேண்டும். அவ்வளவும் வைத்த பிறகு பாக்கெட் சீட்டைத் தொடும் அளவுக்குத் தொங்கினால், நின்று மிதிக்கும்போது பக்கத்துக்குப் பக்கம் ஆடும், டியூப் எங்கோ விழுந்துவிடும். சாதாரண டீ-சர்ட் தோற்கும் முதல் இடம் இதுதான். இரண்டாவது இடம் பருத்தி. வியர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு விடாது.

விலை மலிந்த நகல்கள்

ஆன்லைனில் ஜெர்சியும் ஷார்ட்ஸுமாக ஒரு செட், ஒரிஜினலின் கால்வாசி விலைக்கு, எந்த அணி வேண்டுமானாலும் கிடைக்கும். ஜெர்சியைப் பொறுத்தவரை நஷ்டம் பெரிதில்லை. ஜிப் சீக்கிரம் மக்கர் பண்ணும், இடுப்பைச் சுற்றியுள்ள சிலிகான் பட்டை உரிந்துவிடும், லோகோவின் சிவப்பு மூலநிறத்துக்கு ஒரு படி தள்ளி இருக்கும். லோகோவின் விளிம்பை நகத்தால் தடவுங்கள். விளிம்பு கையில் தட்டுப்பட்டால் அது ஒட்டிய ஸ்டிக்கர், நாளாவட்டத்தில் வெடிக்கும். சப்ளிமேஷனில் சுமார் 200 டிகிரி சூட்டில் சாயம் ஆவியாகி இழைக்குள்ளேயே போய்விடுவதால் விளிம்பே இருக்காது.

ஷார்ட்ஸ்தான் ஆபத்து. உள்ளே இருக்கும் பேட் வெறும் பஞ்சு நுரையாக இருந்தால், விரலால் அழுத்தும்போது அடித்தளம் வரை அமுங்கிவிடும். ஒரு மணி நேரம் தாங்கும், அதன்பிறகு வெறும் சீட்டில் உட்கார்ந்த மாதிரிதான். நல்ல பேட் அழுத்தினால் எதிர்த்து நிற்கும், இடுப்பு எலும்பு ஊன்றும் இரண்டு இடங்களில் மட்டும் அடர்த்தி கூடுதலாக இருக்கும். தையல் நடுவில் ஓடினால் தொடை உரசிப் புண்ணாகும். அங்கே வந்த புண் ஒரு வாரத்துக்குச் சைக்கிள் பக்கமே விடாது. பேட் வைத்த ஷார்ட்ஸுக்குள் ஜட்டி போடக் கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பேட் தோலோடு படிவதற்குத்தான் தைத்திருக்கிறார்கள், நடுவில் இன்னொரு தையல் வந்தால் புண்ணுக்கு வழி.

வாங்கும் முன் ஷார்ட்ஸின் பின்பகுதிக்குள் கையை விட்டு விரித்துப் பாருங்கள். விரல் ரேகை தெரிந்தால், நீங்கள் குனிந்து மிதிக்கும்போது பின்னால் வருபவருக்கும் எல்லாம் தெரியும். வெள்ளை, வெளிர் நிற ஷார்ட்ஸ் மழையில் நனைந்தால் இன்னும் மோசம். ஏஜி2ஆர் அணி பல வருடம் பழுப்பு நிற ஷார்ட்ஸ் போட்டு உலகத்தின் கேலியை வாங்கிக் கட்டிக்கொண்டது. நம் மழைக்காலச் சேற்றுக்கு அதைவிடப் பொருத்தமான நிறம் கிடையாது என்பது வேறு விஷயம்.

அதனால் ஒரிஜினலோ நகலோ, அணி செட்டாக வாங்காதீர்கள். மேலே எந்த ஜெர்சி வேண்டுமானாலும் இருக்கட்டும், கீழே எழுத்தில்லாத கறுப்பு பிப் ஷார்ட்ஸ், அதாவது தோள்வார் வைத்தது. ஒரு ஒரிஜினல் அணி ஜெர்சிக்குக் கொடுக்கும் பணத்தைப் பெரும்பாலும் நல்ல கறுப்பு ஷார்ட்ஸில் போட்டால் உடம்பு நன்றி சொல்லும். தலை முதல் கால் வரை ஒரே அணியாக வருபவரைத்தான் கேலி செய்கிறார்கள், ஜெர்சி மட்டும் போட்டவரை அல்ல என்பதும் இதில் கிடைக்கும் உபரி லாபம்.

மஞ்சு மூடினால்

சமவெளிக் கட்டுரைகள் தொடாத விஷயம் இது. ஊட்டி, குன்னூர், கோத்தகிரிச் சாலைகளில் எந்த நேரத்திலும் மஞ்சு, அதாவது மூடுபனி, இறங்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிச் சரிவை நனைக்கும். ஜூனிலிருந்து தென்மேற்கு மழை கூடலூர், அவலாஞ்சி பக்கம் கொட்டும். அந்தச் சாலைகளில் பின்னால் வரும் பஸ் டிரைவர் உங்களை எவ்வளவு தூரத்திலிருந்து பார்க்கிறார் என்பதே கேள்வி.

அணி நிறங்களை இந்தக் கண்ணோட்டத்தில் வரிசைப்படுத்தினால் ஐரோப்பாவின் மதிப்பெண் தலைகீழாகிறது. 2010இல் வந்த டீம் ஸ்கை அணியின் கறுப்பு ஜெர்சி அழகில் பேர் வாங்கியது. சோலைக்காட்டு நிழலில் அது கரைந்து போகும். கருநீலமும் அப்படியே. வெள்ளை வெயிலில் பளிச்சென்று இருக்கும், மஞ்சுக்குள் அதுவே மறைந்துவிடும். பச்சை தேயிலைத் தோட்டத்துச் சாலையில் எடுபடாது. தேறுவது மஞ்சள், ஆரஞ்சு, இளஞ்சிவப்பு மூன்றும்தான். பச்சைப் பின்னணியில் ஆரஞ்சும் இளஞ்சிவப்பும்தான் அதிகம் பிரிந்து தெரியும். ஆக, அணி ஜெர்சிதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவருக்கு நீலகிரியில் சிபாரிசு செய்யத் தகுந்தது இஎஃப் அணியின் இளஞ்சிவப்பு. பழைய மோகம் உள்ளவருக்கு பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸ் ஓட்டிய மோல்டேனி அணியின் ஆரஞ்சு. மோல்டேனி இத்தாலியில் இறைச்சி விற்ற கம்பெனி, இன்றைக்கு எந்த விளம்பரமும் அதற்கு மிச்சமில்லை.

நிறம் மட்டும் போதாது. ஒளிரும் நிறம் பகல் வெளிச்சத்தில்தான் ஒளிரும், இருட்டினால் சாதாரணத் துணி. பிரதிபலிக்கும் பட்டை ஹெட்லைட் பட்டால்தான் வேலை செய்யும். பின்விளக்கு பகலிலும் எரிய வேண்டும். மேலும் கீழும் ஆடுகிற கணுக்கால் கண்ணை இழுக்கும் என்பதால் பளிச்சென்ற சாக்ஸ், ஜெர்சியின் முதுகை விடப் பல நேரம் உபயோகம்.

சிவப்பு ஜெர்சி போட்டால் காட்டெருமை பாயுமா என்று கேட்பவர்கள் உண்டு. மாட்டினத்தின் கண் சிவப்பைத் தனியாகப் பிரித்தறியாது. அதன் கோபமெல்லாம் நீங்கள் எவ்வளவு கிட்டே போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

எந்தச் சட்டையைத் தொடக் கூடாது

ரெப்ளிகா போடலாம் என்றாலும், ஒரு வரிசைச் சட்டைகள் வேறு. 1919இல் டூரில் முதலிடத்தில் இருப்பவருக்கு மஞ்சள் ஜெர்சி வந்தது. பந்தயத்தை நடத்திய லோட்டோ பத்திரிகையின் தாள் மஞ்சள். மலை ஏற்றத்துக்கான பரிசு 1933 முதலே இருந்தாலும், வெள்ளையில் சிவப்புப் புள்ளி போட்ட ஜெர்சி 1975இல்தான் வந்தது. உலக சாம்பியனுக்கு வெள்ளையில் நீலம், சிவப்பு, கறுப்பு, மஞ்சள், பச்சை என்று வானவில் எனப்படும் ஐந்து பட்டை. பழைய சாம்பியன்கள்கூட அந்தப் பட்டையைக் கையிலும் கழுத்திலும் மட்டும்தான் வைத்துக்கொள்ளலாம். இவை அணி உடை அல்ல, ஜெயித்துப் பெறும் பட்டம். கல்லட்டி மலைச்சாலையில் 36 கொண்டை ஊசி வளைவும் இறங்காமல் ஏறியவர் புள்ளிச் சட்டை போட்டால் சிரித்துக்கொண்டே விட்டுவிடலாம். வானவில் பட்டை வேண்டாம்.

நமக்கு இதைவிட முக்கியம், முதுகில் "இந்தியா" என்றோ "தமிழ்நாடு" என்றோ அச்சிட்ட டிராக்சூட்டும் ஜெர்சியும். மாநில அணியில் இடம் பிடிக்க ஒரு பிள்ளை எத்தனை வருடம் உழைக்கிறது என்பது நம் சாலைகளில் எல்லோருக்கும் தெரியும். அதைக் கடையில் வாங்கிப் போடுவது மஞ்சள் ஜெர்சி போடுவதைவிடத் தப்பு.

பழைய அணிகளின் பெயரைப் பார்த்து வாங்குங்கள். யூஎஸ் போஸ்டல் ஜெர்சி இன்றும் விற்கிறது. ஊக்கமருந்து வழக்கில் அந்த அணியின் நட்சத்திரமாக இருந்த லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் ஏழு டூர் பட்டங்களும் 2012இல் பறிக்கப்பட்டன. தெரிந்து போட்டால் உங்கள் விருப்பம்.

குளிரும் டீக்கடையும்

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 325 மீட்டர், ஊட்டி சுமார் 2240. ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி என்று கணக்கிட்டால் 12 டிகிரி வித்தியாசம். பர்லியாரில் சொட்டச் சொட்ட நனைந்த ஜெர்சியோடு அருவங்காட்டுக் காற்றில் போவீர்கள். எந்த அணியின் ஜெர்சியும் இதைத் தனியாகச் சமாளிக்காது. உள்ளே கையில்லாத வலை பனியன், கையில் ஆர்ம் வார்மர் என்னும் கழற்றி மாட்டும் கையுறை, பாக்கெட்டில் விண்ட் ஜாக்கெட் மூன்றும் வேண்டும். டிசம்பர், ஜனவரியில் ஊட்டிப் பள்ளங்களில் உறைபனி விழும். அப்போது விரல் முழுக்க மூடிய கையுறையும் வேண்டும், மரத்த விரல் பிரேக்கைப் பிடிக்காது. ஜாக்கெட்டை உச்சியில் நின்றவுடன் போட வேண்டும், நடுக்கம் வந்த பிறகு போட்டால் சூடு திரும்ப வெகுநேரம் ஆகும். மறந்துவிட்டால் டீக்கடையில் பழைய தினத்தந்தி இரண்டு தாள் கேட்டு வாங்கி ஜெர்சிக்குள் நெஞ்சோடு வைத்து ஜிப்பைப் போடுங்கள். டூர் வீரர்கள் ஆல்ப்ஸ் உச்சியில் காலங்காலமாகச் செய்துவந்ததும் இதுதான்.

அடுத்தது கூச்சம். ஹட்டிகள் எனப்படும் படகர் ஊர்களின் ஊடே போகிற சாலையில், பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும் டீக்கடையில், கோயில் வாசலில் ஒட்டிய ஷார்ட்ஸோடு நிற்பது எல்லோருக்கும் சங்கடம். நூறு கிராம் எடையுள்ள மெல்லிய தளர்வான ஷார்ட்ஸ் ஒன்றைச் சுருட்டி வைத்துக்கொண்டால் இறங்கியதும் மேலே மாட்டிக்கொள்ளலாம். தளர்வான வெளி ஷார்ட்ஸும் உள்ளே பேட் வைத்த லைனருமாக விற்பதும் உண்டு, நாள் முழுக்க அதிலேயே ஓட்டலாம்.

பெண்களுக்குச் செட் வாங்குவதில் இன்னும் கவனம் வேண்டும். அணி ரெப்ளிகாக்களில் பெண்கள் வெட்டு குறைவு, ஆண்கள் ஷார்ட்ஸின் பேட் அவர்களுக்குப் பொருந்தாது. தோள்வார் வைத்த பிப் ஷார்ட்ஸில் ஜெர்சியைக் கழற்றாமல் கழிப்பறை போக முடியாது. மலைப்பாதையில் கழிப்பறையே அரிது. பின்பக்கம் மட்டும் இறங்கும்படி தைத்த பிப், அல்லது தோள்வார் இல்லாத இடுப்பு ஷார்ட்ஸ் நடைமுறைக்கு ஏற்றது.

மழைக்காலத்தில் ஊட்டியில் துணி காய்வதில்லை என்று ஹீட்டர் முன்னால் தொங்கவிட்டால் ஷார்ட்ஸின் எலாஸ்டிக் இழை செத்துவிடும். துணி மென்மையாக்கும் திரவமும் ஆகாது. டவலில் சுருட்டி முறுக்காமல் மிதித்து நீரை எடுத்து, உள்பக்கம் வெளியே வரும்படித் திருப்பி, மின்விசிறிக்கடியில் போட்டால் காலைக்குள் காய்ந்துவிடும்.

அப்படியானால் எதை வாங்குவது

புதிதாக ஏறத் தொடங்குபவர் கையில் உள்ள பணத்தை இந்த வரிசையில் செலவழிக்கட்டும்: முதலில் கறுப்பு ஷார்ட்ஸ், அடுத்து விண்ட் ஜாக்கெட், பிறகு பளிச்சென்ற ஒற்றை நிற ஜெர்சி. அந்த ஜெர்சி அடுத்த வருடம் பழையதாகாது. அணி ஜெர்சி வருடத்துக்கு வருடம் மாறும், கம்பெனி விலகினால் அணியின் பெயரே மாறும். ஸ்கை 2019இல் இனியோஸ் ஆனது அப்படித்தான். பந்தயம் விடாமல் பார்க்கிற ரசிகர் ஒரு ரெப்ளிகா வைத்துக்கொள்வதில் தப்பில்லை, சீசன் முடிந்து தள்ளுபடியில் வரும்போது வாங்கினால் போதும்.

பத்துப் பேராகச் சேர்ந்து ஏறுபவர்களுக்குச் சங்க ஜெர்சிதான் எல்லாவற்றிலும் மேல். நிறத்தை நீங்களே முடிவு செய்யலாம், வழியில் சிக்கல் வந்தால் ஒரே நிறத்தில் ஆட்களைத் தேடலாம், சின்னாளப்பட்டிக்காரரும் சிங்காநல்லூர்க்காரரும் கொடைக்கானலில் சந்தித்தால் எந்த ஊர்க் குழு என்று முதுகே சொல்லும். திருப்பூர், கோவைப் பக்கம் விளையாட்டு உடை தைப்பவர்களிடம் கேளுங்கள். துணி முழு பாலியெஸ்டராக இருக்க வேண்டும், பருத்தி கலந்தால் சப்ளிமேஷன் பிடிக்காது. எத்தனை உருப்படி என்பதைவிட, எல்லா சைஸிலும் ஒவ்வொரு மாதிரி ஜெர்சி அனுப்புவார்களா என்பதை முதலில் கேளுங்கள், போட்டுப் பார்க்காமல் சைஸ் எழுதிக் கொடுத்தால் பாதிப் பேருக்குப் பொருந்தாது. ஜிப் முழு நீளமாக, விட்ட இடத்தில் நிற்கும் பூட்டு உள்ளதாக இருக்கட்டும், ஏற்றத்தில் திறந்து இறக்கத்தில் மூடும் வேலை அதற்கு நிறைய. பாக்கெட்டின் இரண்டு மேல் மூலைகளிலும் அடர்தையல் போடச் சொல்லுங்கள், பாக்கெட் கிழிவது எப்போதும் அங்கேதான். ரத்த வகையையும் வீட்டு போன் எண்ணையும் முதுகில் அச்சிட வேண்டாம், ஒரு சீட்டில் எழுதி பாலித்தீனில் சுற்றி நடுப் பாக்கெட்டில் வையுங்கள்.

சங்கத்தின் பெயரைத் தமிழிலேயே போடுவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. அச்சகத்தின் கணினியில் உங்கள் எழுத்துரு இல்லையென்றால் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து இன்னொரு பக்கமுமாகப் பிரிந்துவிடும், புள்ளி காணாமல் போகும். வடிவமைப்பவரிடம் எழுத்தை உருக்கோடுகளாக (outlines) மாற்றிக் கோப்பை அனுப்பச் சொல்லுங்கள். முதல் அச்சைத் தாளில் எடுக்கச் சொல்லி, ஒவ்வொரு எழுத்தாகப் படித்துப் பார்த்த பிறகே துணியில் ஏற்ற ஒப்புதல் கொடுங்கள்.